பீடத் துணியோடு துவைத்தது

— அந்த பாட்டிலை மேஜையை விட்டு எடு, பிரிஜெட். சாப்பாடு வைக்கிற இடம். கொஞ்ச நேரத்துல ஃபாதர் வருவார், டென்சில் வருவான், கோயில் கமிட்டி பூரா வரும்.

— வரட்டும் டாடி. முதல்ல இதைப் பாருங்க. நேத்து சாயங்காலம் அடிச்சு வெச்சேன். இன்னும் பால் மாதிரி அப்படியே நிக்குது. பிரியவே இல்ல.

— பிரியலன்னா சந்தோஷம்தானே? அதுக்குத்தானே இன்னைக்குப் பூசையில நன்றி மன்றாட்டுல உன் பேரைப் படிச்சாங்க.

— இது பிரிஞ்சிருக்கணும் டாடி. இதுல கரும்புச் சக்கைத் தூளே போடல.

— போடாம எப்படி நிக்கும்?

— அதான் நானும் கேக்கறேன். ராத்திரி பூரா இதையே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்.

— நீ முதல்ல உக்காரு. ஜன்னலுக்கும் கதவுக்குமா நடக்காதே, எனக்குத் தலை சுத்துது. எதையோ மாத்தி ஊத்திருப்ப.

— இல்ல டாடி. நான் என்ன செய்யறேன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். காலையில பூசை முடிஞ்சு டென்சில் அங்கிளுக்கு நீங்கதானே பாடமே எடுத்தீங்க.

— எடுத்தேன். இந்த வீட்டுப் பொண்ணு என்ன செய்யறான்னு நாலு பேர் தெரிஞ்சுக்கணும். பெயிண்ட் கம்பெனியில ட்ரம் கழுவற ஆளுங்க அந்த நாத்தம் பிடிச்ச கெமிக்கலை மோந்து மோந்து நெஞ்சு கெட்டுப் போறாங்க. அதுக்குப் பதிலா ஆரஞ்சுத் தோல் எண்ணெய். அதைத் தண்ணியில கலந்து அடிக்கணும், கலந்தா நிக்காது, மேல வந்து மிதக்கும். சோப்பு போட்டா நிக்கும். ஆனா சோப்பு ட்ரம்முல ஒட்டிக்கிட்டா அடுத்த பெயிண்ட் பிடிக்காதுன்னு கம்பெனிக்காரன் வேணாங்கறான். என் பொண்ணு கரும்புச் சக்கையிலேர்ந்து கண்ணுக்கே தெரியாத தூள் எடுத்து, ஒவ்வொரு எண்ணெய்த் துளியைச் சுத்தியும் சுவர் கட்டி நிக்க வெச்சிருக்கா. இதுல ஏதாவது தப்பா?

— ஒரு வார்த்தை தப்பில்ல. அந்தச் சுவர்தான் இல்ல டாடி.

— சுவர் இல்லன்னா?

— நாளைக்குக் கம்பெனிக்காரங்க வராங்க இல்லையா. ரெண்டு பாட்டில் பக்கத்துல பக்கத்துல வைப்போம்னு எங்க லேப் மமதா மேடம் சொன்னாங்க. தூள் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு. ஒண்ணு நிக்கும், ஒண்ணு பிரியும், பாக்கறவங்களுக்குச் சட்டுன்னு புரியும். தூளை எப்பவும் ஒரு மஸ்லின் துணியில வடிகட்டித்தான் எடுப்பேன். அதனால நேத்து வெறும் தண்ணியை அதே துணியில வடிகட்டி, எண்ணெய் ஊத்தி அடிச்சேன். அந்த பாட்டில்தான் இது.

— இதுக்கு முன்னாடி இப்படிச் செஞ்சு பாத்ததே இல்லையா? இவ்வளவு படிச்சிருக்க.

— ஆரம்பத்துல பாத்தேன். அப்ப அழகாப் பிரிஞ்சுது. பிரிஞ்சுதுன்னு எழுதி வெச்சு அதோட விட்டுட்டேன். அப்ப துணி புதுசு, லேப்லயே இருந்தது. வீட்டுக்கு வந்தது அப்புறம்தான்.

— ஓஹோ. இப்ப வீட்டு மேல வருதா?

— நேத்தே கடையில வாங்கின புதுத் துணியிலயும் வடிகட்டிப் பாத்தேன் டாடி. பிரிஞ்சிடுச்சு. பழைய துணியில வடிகட்டினா நிக்குது. குத்தம் துணியிலதான் இருக்கு. இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சோப்பு போட்டீங்களா?

— என்னைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?

— கோவப்படாதீங்க.

— லேப்ல துணி துவைக்கிற ஆள் வாஷிங் பவுடர் போட்டுக் கெடுத்துடறான், நீங்க வெறும் தண்ணியில அலசிக் குடுங்கன்னு சொன்ன. சோப்பு கூடாது, பவுடர் கூடாது, நீலம் கூடாது, எல்லாம் சொன்ன. நான் ஒண்ணு கூட மறக்கல. சோப்பு என் கை படல.

— அப்ப வெறும் தண்ணியிலதான் அலசினீங்க.

— துணியோட துணியா அலசினேன்.

— எந்தத் துணியோட?

— வேற எந்தத் துணியோட? பீடத் துணியோட.

— ஐயோ டாடி.

— என்ன ஐயோ? பலிபீடத்துல விரிக்கிற துணி. உன் பாட்டி துவைச்சாங்க, உன் அம்மா துவைச்சா. உன் அம்மா போனப்புறம், அந்த வீட்டுல துவைக்கப் பொம்பளை இல்ல, இனிமே லாண்டரிக்குக் குடுத்துடலாம்னு கமிட்டியில டென்சில்தான் முதல்ல வாயைத் தெறந்தான். அன்னைக்கு நான் எழுந்து நின்னு, ரெமிஜியஸ் வீட்டை விட்டு அந்தத் துணி எங்கயும் போகாதுன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் போகல. அந்தத் துணியோட உன் துணியைச் சேத்துத் துவைச்சேன்னா அது உன் துணிக்கு மரியாதை.

— பீடத் துணியைப் பூவந்திக்கொட்டை ஊற வெச்சுத் தானே துவைப்பீங்க?

— பின்ன? கடைப் பவுடரையா போடுவாங்க? பூவந்திக்கொட்டை சோப்பு இல்ல. மரத்துல காய்க்கறது.

— மரத்துல காய்க்கிற சோப்புதான் டாடி அது. கையில தேச்சா நுரை வருதே, அது எதனால வருது? எண்ணெயையும் தண்ணியையும் அது பிடிச்சு வெச்சுக்கும். என் துணி ஒவ்வொரு தடவையும் அதைக் குடிச்சிட்டு லேப்புக்கு வந்திருக்கு. நான் வடிகட்டும்போது தண்ணியில இறங்கியிருக்கு. பாட்டில் நின்னதெல்லாம் அதனாலதான். கரும்புச் சக்கையினால இல்ல.

— அதுவும் செடியிலேர்ந்து வர்றது. இதுவும் செடியிலேர்ந்து வர்றது. நான் கண்டுபிடிச்சது பூவந்திக்கொட்டைன்னு சொல்லிட்டுப் போ. எவன் கேக்கப் போறான்?

— யாரும் கேக்கத்தான் மாட்டாங்க, ஏன்னா அது ஊருக்கே தெரியும். பூவந்திக்கொட்டை எண்ணெயைப் பிடிக்கும்னு சொல்ல லேப் எதுக்கு? அது ட்ரம்முல ஒட்டும், சாக்கடையில நுரைக்கும், அதெல்லாம் வேணாம்னுதான் கம்பெனி எங்ககிட்ட வந்ததே. நான் பேப்பர்ல எழுதினது தூள் சுவர் கட்டுதுன்னு. மமதா மேடம் பேரும் அதுல இருக்கு.

— சரி. விஷயம் புரிஞ்சுது. இப்ப நான் சொல்றதைக் கேளு. நாளைக்கு ரெண்டாவது பாட்டிலுக்குப் புதுத் துணியில வடிகட்டு. அது பிரியும். முதல் பாட்டில் நிக்கும். கம்பெனிக்காரன் கை தட்டுவான். அப்புறம் மெதுவா, ஆற அமர, தூளையே சரி பண்ணிக்கோ.

— டாடி, நீங்களா இதைச் சொல்றீங்க?

— நான்தான் சொல்றேன். பொய் சொல்லச் சொல்லல. கேக்காததைச் சொல்லாதேன்னு சொல்றேன். இன்னைக்குக் காலையில எத்தனை பேர் வந்து என் கையைப் பிடிச்சாங்கன்னு பாத்த இல்ல? டென்சில் கூட வந்தான். உன் அம்மா அடக்கத்துக்கு அப்புறம் என்கிட்ட நேரா முகம் குடுத்துப் பேசாதவன்.

— கேக்காதது இல்ல டாடி. கேட்டிருக்காங்க. நான் சொன்ன பதிலால ஒருத்தன் வேலை போகப் போகுது.

— யாரு?

— கிரண். உங்ககிட்ட சொல்லியிருக்கேன். எனக்கு ஜூனியர். நான் செஞ்சதை அப்படியே திரும்பச் செய்யறதுதான் அவன் வேலை. அவன் பாட்டில் ஒவ்வொண்ணும் பிரிஞ்சுது. மேடம் என்னைக் கூப்பிட்டு, நீ என்ன நெனைக்கறேன்னு கேட்டாங்க. அவன் கவனமில்லாம செய்யறான்னு சொன்னேன். கை சுத்தம் போதாதுன்னு சொன்னேன்.

— அந்த நீலசந்திரா ஏரியா பையன்.

— ஆமா, நீலசந்திரா பையன். பச்சைமுத்துன்னு கட்டட வேலை செய்யறவர் மகன். அவன் தன் துணியைத் தானே லேப் குழாயில, காய்ச்சி வடிச்ச தண்ணியில அலசிக் காய வெப்பான். அதனாலதான் அவன் பாட்டில் பிரிஞ்சுது. ஏன்னா அதுதான் உண்மை, தூள் மட்டும் நிக்க வைக்கல. அவன் சரியாச் செஞ்சான். நான் தப்பாச் செஞ்சேன். இந்த மாசத்தோட அவனை வேணாம்னு மேடம் எழுதிட்டாங்க. நாளைக்கு டெமோ முடிஞ்சதும் டைரக்டர் கையெழுத்துப் போடுவார். போட்டா அவன் பி.எச்.டி.யும் அதோட போச்சு.

— சின்ன வயசு. வேற லேப் கிடைக்கும்.

— கவனமில்லாதவன்னு பேர் வாங்கிட்டு எந்த லேப் கிடைக்கும்? அந்தப் பேரை நான் குடுத்தது டாடி.

— நீ ஏதாவது சொல்லித்தான் ஆகணும்னா, லேப்ல துணி துவைக்கிற ஆள் ஏதோ கலந்துட்டான்னு சொல்லிட்டுப் போயேன்.

— அப்புறம் அந்த ஆள் வேலையும் போகும்.

— அப்ப யார் பேரைச் சொல்லுவ? இந்த வீட்டுல யார் துணி துவைக்கறாங்கன்னு கேப்பாங்க. என் அப்பான்னு சொல்லுவியா? வேலைக்காரி வந்து கோயில் துணி துவைக்கறாள்னுதான் இந்தத் தெருவே நெனச்சிட்டிருக்கு. ரெமிஜியஸ் பின்னாடி கல்லு மேல குந்திக்கிட்டுத் துவைக்கறான்னு டென்சிலுக்குத் தெரியணுமா?

— உங்க பேர் வராது. என் துணி, நான்தான் துவைச்சேன்னு சொல்றேன். என் தப்புன்னு சொல்றேன்.

— அதுவும் இந்த வீட்டுப் பேர்தானே. வேற யாருக்குத் தெரியும் இது?

— எது?

— துணி விஷயம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கு?

— யாருக்கும் இல்ல. மேடம் மைசூர் போயிருக்காங்க, ஃபோனை எடுக்கல. நாளைக்குக் காலையில முதல் வேலையா அவங்க ரூமுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி கிரண்கிட்ட மன்னிப்பு கேக்கணும். அவனை இங்க வரச் சொல்லியிருக்கேன்.

— இங்கயா? இன்னைக்கா?

— இப்ப வந்துடுவான்.

— வரக் கூடாது. ஃபோன் பண்ணிச் சொல்லு. ஃபாதர் வர நேரத்துல எவன் எவனோ வீட்டுல நின்னா நல்லா இருக்காது.

— எவனோ இல்ல டாடி. என்கூட வேலை செய்யறவன்.

— நான் சொல்றதைக் கேளு பாப்பா. நாளைக்கு லேப்லயே பேசிக்கோ. எவ்வளவு வேணாலும் பேசிக்கோ. இந்த வீட்டுக்குள்ள அவன் வர வேணாம்.

— ஏன் டாடி இப்படி வேர்க்குது உங்களுக்கு? அவன் எந்த ஏரியாவா இருந்தா நமக்கென்ன? நம்ம தாத்தா எங்க இருந்து வந்தாராம்? கேட்டுல சத்தம். அவன்தான்னு நெனைக்கறேன்.

— பிரிஜெட், கதவைத் தெறக்காதே.

— வா கிரண். உள்ள வா. செருப்பு இருக்கட்டும், பரவாயில்ல.

— இல்லக்கா, கழட்டிட்டேன். சாரிக்கா, சண்டே ஆச்சே, பஸ்ஸே இல்ல. வணக்கம் சார்.

— வாங்க மிஸ்டர்.

— உக்காரு. இது டாடி. நீங்க ரெண்டு பேரும் பாத்ததில்ல இல்ல?

— பாத்ததில்லக்கா. சார், நீங்க உக்காருங்க, நான் உக்காரல. என்னமோ விசேஷம் போல இருக்கு, பிரியாணி வாசனை வருது. நான் சும்மனே நடுவுல வந்துட்டேன். என்னான்னு சொல்லுங்கக்கா, நான் கெளம்பறேன்.

— சாப்பிட்டுத்தான் போகணும். கிரண், இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நேரா சொல்லிடறேன். உன் பாட்டில் பிரிஞ்சதுதான் சரி. என் துணியில பூவந்திக்கொட்டை இருந்திருக்கு. என் பாட்டில் நின்னதெல்லாம் அதனாலதான். உன்னைக் கவனமில்லாதவன்னு மேடம்கிட்ட சொன்னது நான். நாளைக்குக் காலையில அவங்ககிட்டயும், டைரக்டர்கிட்டயும், கம்பெனிக்காரங்க முன்னாடியும் நானே சொல்றேன். டெமோ கிடையாது. உன்னை அனுப்ப விட மாட்டேன். என்னை மன்னிச்சிடு.

— அக்கா, நிறுத்துங்க. நீங்க அழாதீங்க.

— உனக்குக் கோவம் வரலையா?

— வந்தது. ரொம்ப வந்தது. ரெண்டு மாசமா உங்க முகத்தைப் பாத்தாலே வயிறு எரிஞ்சுது. இப்ப வேற ஒண்ணு புரியல எனக்கு. உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?

— நேத்து.

— நேத்தா?

— நேத்து சாயங்காலம். பூவந்திக்கொட்டைன்னு இப்பத்தான், டாடி வாயால கேட்டுத்தான் தெரிஞ்சுது. ஏன் அப்படிப் பாக்கற?

— இல்லக்கா. நேத்துன்னு சொல்றீங்களேன்னு.

— மிஸ்டர், தாகத்துக்கு என்ன சாப்பிடறீங்க? ஜூஸ் இருக்கு. பிரிஜெட், போய்க் கொண்டா.

— வேணாம் சார். அக்கா, நீங்க புனே மீட்டிங் போனீங்க இல்ல? தசரா லீவுக்கு முன்னாடி? அப்ப என் துணி கிழிஞ்சிடுச்சு. உங்க துணியை எடுத்துச் செஞ்சேன். பாட்டில் நின்னுது. எனக்குச் சந்தோஷத்துல கை கால் ஓடல. அப்புறம் துணியை மோந்து பாத்தேன். எங்கம்மா ஒரு சேட்டு வீட்டுல பூவந்திக்கொட்டை போட்டுப் பட்டுப்புடவை அலசறாங்க, அந்த வாசனை. ஈரத் துணியைக் கசக்கினா நுரை. உங்க மொபைலுக்குப் போட்டேன், கிடைக்கல. அதான் லேப் ரிஜிஸ்டர்ல இருந்த வீட்டு நம்பருக்குப் போட்டேன்.

— வீட்டுக்கா?

— ஆமாக்கா. சார்தான் எடுத்தாங்க. வெவரமா சொன்னேன். துணியில பூவந்திக்கொட்டை இருக்கு சார், வெறும் தண்ணியில கொதிக்க வெச்சு அலசணும், இல்லன்னா ரிசல்ட் எல்லாம் தப்பு, அக்கா வந்ததும் சொல்லிடுங்கன்னு. சொல்லிடறேன்னு சொன்னாங்க.

— எனக்கு யாரும் சொல்லல.

— அது எனக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க வந்தீங்க, ஒரு வார்த்தை பேசல, பாட்டில் இன்னும் நல்லா நின்னுது. சரி, தெரிஞ்சேதான் செய்யறாங்கன்னு நெனச்சேன். மேடம்கிட்டப் போய்ச் சொன்னேன். உன் பாட்டில் நிக்கலன்னு அடுத்தவங்க துணியைக் குத்தம் சொல்றியான்னு கேட்டாங்க. அதோட வாயை மூடிக்கிட்டேன்.

— டாடி.

— சொல்லு.

— இவன் ஃபோன் பண்ணினானா?

— பண்ணினான்.

— நீங்க மறந்துட்டீங்களா டாடி? அம்மாவோட வருஷ பூசை அந்த வாரம்தான். வீட்டுல ஆளுங்க, சத்தம். மறந்திருப்பீங்க.

— ஆமாக்கா, விடுங்க. வயசானவர். லைன்ல வேற ஒரே கொரகொரன்னு சத்தம். சாருக்குச் சரியாக் கேட்டிருக்காது. எங்கப்பாவும் இப்படித்தான், சொன்னா ஒரு நிமிஷம்தான் நிக்கும்.

— எனக்குக் காது நல்லாக் கேக்கும், மிஸ்டர்.

— டாடி, அவன் உங்களுக்காகத்தான் சொல்றான். மறந்துட்டேன்னு சொல்லுங்க. போதும். நான் வேற எதுவும் கேக்கல.

— யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம். இந்தத் தம்பி சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. பாட்டில் பிரிஞ்ச நாள்லாம் நீ வீட்டுக்கு வந்து எப்படி இருந்தேன்னும் ஞாபகம் இருக்கு, சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு எதையும் தொடாம.

— அதனால சொல்லாம விட்டுட்டீங்களா?

— சொல்லாம விடல, பிரிஜெட். அன்னைக்கு வரைக்கும் பீடத் துணியோட ஒரு பிடி கொட்டைதான் போட்டுக்கிட்டிருந்தேன். இவன் ஃபோனை வெச்சதுக்கு அப்புறம், உன் துணியைத் தனியா எடுத்து, ரெண்டு பிடி போட்டு, ராத்திரியெல்லாம் ஊற வெச்சேன்.